ஆண்டு வருமானம் ஆறரை லட்சம்: மகளின் இன்ஜினியரிங் படிப்புக்கு அரசு உதவி ஏதாவது உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களுக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வருவது மாதம் 48,000 ரூபாய். மனைவிக்குத் தையலில் மாதம் 6,000 அளவுக்கு வருகிறது. இருவருமே கல்லூரிப் படி ஏறாதவர்கள். மகள் பத்தாவது வரை தனியார் பள்ளியிலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ அரசு மகளிர் பள்ளியிலும் படித்திருக்கிறார், கட்-ஆஃப் 181. அவருக்கு ஒரு தம்பி இருக்கிறான். எந்த ஸ்காலர்ஷிப்பை எடுத்தாலும் 'இரண்டரை லட்சத்துக்குள்' என்று இருக்கிறது, எங்களுக்கு வங்கிக் கடன் மட்டும்தானா, வருமானச் சான்றில் தொகையைக் குறைத்து வாங்கச் சொல்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

திருப்பிக் கட்ட வேண்டாத பணம் உங்களைப் போன்ற குடும்பத்துக்கும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி, கல்லூரியில் சேர்ந்த பிறகு மனு போட்டு வாங்குவது கிடையாது. எந்த வழியாகச் சேர்கிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடும். அதனால் கவுன்சலிங்கில் கல்லூரிப் பட்டியல் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். அட்வான்ஸ் கட்டிய பிறகு வந்து கேட்பவர்களுக்குச் சொல்ல அதிகம் மிஞ்சுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியது முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை. தமிழக அரசு 2010-11 முதல் இதைத் தருகிறது. இதற்கு வருமான வரம்பு இல்லை, சாதி வரம்பும் இல்லை. ஆறரை லட்சம் சம்பாதிப்பவர் பிள்ளைக்கும் உண்டு. பார்ப்பது ஒன்றைத்தான்: தாத்தா பாட்டி (அப்பா வழி, அம்மா வழி இரண்டும்), பெற்றோர், உடன்பிறந்தோர் இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. சித்தப்பாவோ தாய்மாமாவோ பட்டம் வாங்கியிருந்தால் பாதகமில்லை. இதைத் தெரியாமல் 'எங்கள் மச்சான் பி.காம்., அதனால் எங்களுக்குக் கிடையாது' என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுபவர்கள் உண்டு. சுயநிதிக் கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணத்தில் கழியும், நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இது. மகள் வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. அவனுக்காக ஒதுக்கி வைக்கலாமா என்று யோசிக்காதீர்கள், அக்கா பட்டம் வாங்கிய நாளிலேயே அவன் முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற தகுதியை இழந்துவிடுவான்.

இந்தச் சலுகைக்கு ஒரு கட்டாய நிபந்தனை: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம், அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் சேர்க்கைக்கும் இது செல்லாது. கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்த தொகை அரசு ஒதுக்கீட்டுக்கு 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, தரச்சான்று இருந்தால் 87,000. நடப்பு ஆண்டுக்கான ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்குக்காக இந்தத் தொகைகளையே வைத்துக்கொள்வோம். கலந்தாய்வு வழியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 55,000இல் 25,000 கழிந்து 30,000. அதே பாடப்பிரிவில் மேனேஜ்மென்ட் வழியில் 87,000. வித்தியாசம் ஆண்டுக்கு 57,000, நான்கு ஆண்டில் 2,28,000 ரூபாய். நன்கொடை என்று தனியாகக் கேட்பது இந்தக் கணக்கிலேயே வரவில்லை. 'விருப்பப்பட்ட கல்லூரியில் சீட் போய்விடும்' என்று ஏப்ரல், மே மாதத்திலேயே அட்வான்ஸ் கட்டச் சொல்லி ஏஜென்டுகள் அவசரப்படுத்துவார்கள். 181 கட்-ஆஃபுக்குக் கலந்தாய்விலேயே நல்ல கல்லூரிகள் வரும், பொறுத்திருங்கள்.

கலந்தாய்வுப் பட்டியலில் இன்னொன்றைக் கவனியுங்கள். அரசு உதவிபெறும் பழைய கல்லூரிகள் சிலவற்றில் ஒரே பாடப்பிரிவு இரண்டு முறை வரும்; ஒன்றின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அது சுயநிதிப் பிரிவு. வளாகம் ஒன்று, ஆனால் கட்டணம் வேறு. உதவிபெறும் பிரிவில் கட்டணம் மிகவும் குறைவு. பட்டியல் போடும்போது உதவிபெறும் பிரிவை மேலேயும் எஸ்.எஸ். பிரிவை அதற்குக் கீழேயும் வைப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். மாற்றி வைத்துவிட்டால் நான்கு வருடம் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

சான்றிதழ் வாங்கும் முறை: இ-சேவை மையத்தில் உங்களுக்கு ஒரு 'கேன்' எண் (சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கத் தேவையான அடையாள எண்) பதிவு செய்வார்கள். அதன் பிறகு முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் (சேவை எண் ஆர்.இ.வி-104, வருமானச் சான்று ஆர்.இ.வி-103). ஆதார், ஸ்மார்ட் கார்டு, மாற்றுச் சான்றிதழ்கள், பெற்றோரும் மாணவியும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவம் எல்லாம் ஸ்கேன் ஆகும். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், கடைசியில் துணை வட்டாட்சியர் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும். பெரும்பாலும் தேங்குவது முதல் இரண்டு இடத்தில்தான். தாத்தா பாட்டி இறந்திருந்தாலும் அவர்கள் படிப்பு விவரத்தைக் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் போய் நிற்பார்கள், முடிந்தால் அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தில் இந்தச் சலுகையைக் கேட்டிருக்கிறீர்களா, ஒதுக்கீட்டு ஆணையில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கல்லூரிக்குப் போங்கள். 'அரசு பணம் இன்னும் வரவில்லை, முழுசாகக் கட்டுங்கள், வந்ததும் தருகிறோம்' என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. வேறு வழியில்லாமல் கட்ட வேண்டி வந்தால், 25,000 ரூபாய் சலுகை நிலுவை என்று ரசீதிலோ கடிதத்திலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றி உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிலும் வருமான வரம்பு இல்லை. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். மருத்துவத்துக்கு 2020லும் இன்ஜினியரிங் உள்ளிட்ட மற்ற தொழிற்படிப்புகளுக்கு 2021லும் வந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் மகள் பிளஸ் ஒன்னில்தான் மாறினார் என்பதால் கிடைக்காது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இவை நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி, ஆனால் இதற்கான முடிவு ஐந்தாம் வகுப்பு முடியும்போதே எடுக்கப்படுகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களில் யாருக்காவது பிள்ளை இப்போது ஐந்தாவதில் இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, போட்டியில் கிடைத்தால் கிடைக்கும் என்ற வகை. உங்கள் மகளுக்குப் பொருந்துவதில் முதன்மையானது ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகை. பெண்களுக்கு மட்டும், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை, ஆண்டுக்கு 50,000 ரூபாய். மதிப்பெண் வரிசையில் மாநில வாரியாகத் தேர்வு செய்வார்கள். கிடைத்தால் நான்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம், ஆனால் கிடைத்தே தீரும் என்று வீட்டு பட்ஜெட்டில் எழுதிவிடாதீர்கள். முதலாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும் (டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு அந்த ஆண்டில்). 'முதல் வருஷம் செட்டில் ஆகட்டும், அப்புறம் போடலாம்' என்று விட்டால் போனது போனதுதான். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதே 8 லட்ச வரம்பில், இதே 50,000 ரூபாய்க்கு சக்ஷம் என்ற திட்டம் இருக்கிறது. அதில் ஆண், பெண் இருபாலரும் விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் வேறு ஒரு கதவும் திறந்திருக்கிறது. உங்கள் சமூகத்தைச் சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். மாநில அரசு வழியாக வரும் போஸ்ட் மெட்ரிக் உதவிக்கு வரம்பு இரண்டரை லட்சம்; ஆனால் மத்திய அரசின் 'டாப் கிளாஸ்' திட்டத்துக்கு 8 லட்சம். அரசு வெளியிட்டுள்ள பட்டியலில் உள்ள கல்வி நிறுவனத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையே தருகிறார்கள், தனியார் நிறுவனம் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவிகள் இரண்டரை லட்சத்தோடு நின்றுவிடுகின்றன, உங்கள் வருமானத்துக்கு அவற்றைத் தேடி அலைய வேண்டாம். பிளஸ் டூவில் உயர் மதிப்பெண் பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு 12,000 தரும் மத்திய அரசுத் திட்டத்துக்கு வரம்பு நாலரை லட்சம், அதுவும் ஆகாது. தனியார் அறக்கட்டளைகளில் ரிலையன்ஸ் பவுண்டேஷன் இளநிலை உதவித்தொகை 15 லட்சம் வருமானம் வரை விண்ணப்பம் வாங்குகிறது, படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் வரை. திறனறித் தேர்வு உண்டு, குறைந்த வருமானக் குடும்பத்துக்கு முன்னுரிமை உண்டு. உதவித்தொகை தருகிறோம் என்று சொல்லி 'ப்ராசஸிங் ஃபீஸ்' கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

ஒன்றுக்கு மேல் வாங்கலாமா என்ற இடம்தான் தெளிவில்லாதது. பிரகதிக்கு விண்ணப்பிக்கும்போது வேறு உதவித்தொகை பெறவில்லை என்று உறுதி கேட்பார்கள். முதல் தலைமுறைச் சலுகை மாணவியின் கணக்குக்கு வருவதில்லை, கட்டணத்தில் கழிகிறது. அதை உதவித்தொகை என்று எடுத்துக்கொள்வதா கூடாதா என்பதை வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு விடாமல், கல்லூரியின் உதவித்தொகை நோடல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை, கையில் உறுதியாக இருக்கும் 25,000ஐ, வரக்கூடிய 50,000க்காக விட்டுவிட வேண்டாம்.

இப்போது வருமானச் சான்று. நீங்கள் ஆறரை லட்சம் என்று கணக்குப் போட்டது கைக்கு வரும் சம்பளத்தை வைத்து. பார்க்கப்படுவது பி.எஃப். முதலான பிடித்தங்களுக்கு முன் உள்ள மொத்தச் சம்பளம். அது 54,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,48,000. தையல் வருமானம் 72,000 சேர்த்தால் 7,20,000. அப்போதும் 8 லட்சத்துக்குள்தான் இருக்கிறீர்கள், அதனால் குறைத்துக் காட்ட வேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. போனஸ், ஓவர்டைம் சேர்ந்து 8 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டரை லட்சத்துக்குச் சான்று வாங்கித் தருகிறேன் என்பவர் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும் என்றால், அதே ஆண்டில் கல்விக் கடனுக்காக வங்கியில் ஃபார்ம் 16ஐக் (நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) கொடுப்பீர்கள். ஒரே மாணவியின் பெயரில், ஒரே ஆண்டுக்கு, ஒரு கோப்பில் 2,40,000, இன்னொரு கோப்பில் 6,48,000. பொய்ச் சான்று தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், வழக்கும் வரலாம், அதில் மாட்டுவது மகளின் பெயர். உங்களுக்கு எந்தத் தொகைக்குச் சான்று வரும் என்பதை வட்டாட்சியர் அலுவலகம்தான் தீர்மானிக்கும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

பிரகதி போன்ற மத்திய அரசு உதவித்தொகைகள் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகத்தான். அங்கே ஒருமுறைப் பதிவு செய்து ஓ.டி.ஆர். எண் வாங்க வேண்டும், ஆதார் முகச் சரிபார்ப்பு உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இடிக்கிற இடம் இன்ஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா மு' என்று இருக்கும், ஆதாரில் 'கவிதா முருகன்' என்று இருக்கும், வங்கிப் புத்தகத்தில் 'மு. கவிதா'. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. அடுத்தது வங்கிக் கணக்கு: பணம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போகாது, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பள்ளியில் ஒரு கணக்கு, அஞ்சலகத்தில் ஒரு கணக்கு என்று இருந்தால் எதில் இணைந்திருக்கிறது என்று பார்த்து, நடப்பில் இருக்கும் ஒன்றோடு இணையுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு கல்லூரி சரிபார்க்க வேண்டும், அதன் மேல் இன்னொரு கட்டம் உண்டு. 'டிஃபெக்டிவ்' என்று திருப்பி அனுப்பினால் குறித்த தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். பல விண்ணப்பங்கள் இந்த இடத்தில், யாரும் திறந்து பார்க்காததால் காலாவதியாகின்றன. வாரம் ஒருமுறை மகளையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும்.

கடைசியாகக் கடன், ஏனென்றால் அதிலும் ஒரு பகுதி மானியம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், 8 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்பு முடிந்து ஓராண்டு வரையிலான காலத்துக்கு 3 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும் (தொடக்கப் பட்டியலில் 860), ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. நாலரை லட்சத்துக்குள் வருமானம் என்றால் தொழிற்படிப்புக்கு அந்தக் காலத்து முழு வட்டியையும் வேறொரு திட்டத்தில் அரசே ஏற்கிறது. நீங்கள் அதில் வரமாட்டீர்கள். வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர்களுக்கு இந்த 3 சதவீதம் இல்லை என்று விதி இருப்பதால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு தவணையில் 6 லட்சம் கடன் என்றால், முதல் தவணைக்கு ஐந்து ஆண்டு, அடுத்தவற்றுக்கு நான்கு, மூன்று, இரண்டு ஆண்டு. மொத்தம் 14 முறை 4,500, அதாவது 63,000 ரூபாய். முதல் தலைமுறைச் சலுகை ஒரு லட்சம். இரண்டில் ஒன்றுதான் என்றால் சலுகைதான் லாபம்.

மானியம் இல்லாத சாதாரணக் கல்விக் கடனில், படிப்பு முடிந்து ஓராண்டு வரையிலான அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. 9 சதவீதம் என்றால் மேற்சொன்ன கடனுக்கு முதல் ஆண்டில் மாதம் 1,125, இரண்டாம் ஆண்டில் 2,250, மூன்றில் 3,375, பிறகு 4,500. இதை மாதாமாதம் கட்டிவிட்டால், கடனைத் திருப்பிக் கட்டும் தவணை தொடங்கும்போது 6 லட்சத்தில் நிற்கும். கட்டாவிட்டால் 1,89,000 சேர்ந்து 7,89,000 ஆகும். ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு 1 சதவீதம் வட்டிக் குறைப்புத் தரும் வங்கிகளும் உண்டு, கேளுங்கள். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு, புதிய முறையில் இல்லை.

4 லட்சம் வரை கடனுக்கு நம் பங்காக எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல் 5 சதவீதம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கிளையில் 'வீட்டுப் பத்திரம் கொண்டு வாங்க' என்று சொன்னால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், வித்யாலட்சுமி கல்விக் கடன் இணையதளத்தில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொண்டு, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளை மேலாளரே கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்பது வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. அந்த எழுத்துப் பதிலோடு வங்கியின் மண்டல அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் செலவில்லாமல் போகலாம்.